குடும்பத்தில் தொடரும் பக்கவாதம்: ஓ.பி. சீட்டில் எழுதப்படாத கேள்வி

"அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் அம்பது வயசுல கை கால் விழுந்துச்சு. பெரியப்பாவுக்கும் அதே கதைதான். அது அந்தக் குடும்ப வாகு."

அரியாங்குப்பத்திலோ, வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலோ ஒருவர் வாதம் அடித்துப் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து இப்படிப் பேசுவது புதிதில்லை. தமிழ்நாட்டு ஊர்களிலும் இதே பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு திண்ணையோடு நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கேட்கப்படுவது வேறு. பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, பீடி சிகரெட் உண்டா, குடிப்பாரா? நான்கில் ஒன்றுக்கு 'ஆமா' என்று பதில் வந்தால் போதும், காரணம் கிடைத்துவிட்டது என்று சீட்டு மூடப்படுகிறது. நாற்பத்தைந்து வயது ஆணுக்கு நான்கில் ஒன்றுகூட இல்லாமல் இருப்பது இந்தப் பக்கத்தில் அபூர்வம்தானே!

நான்கும் தப்பான கேள்விகள் இல்லை. பக்கவாதத்தில் மிகப் பெரும்பாலானவை ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, இதயக் கோளாறு ஆகியவற்றால் வருபவைதான். ஆனால் 'உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாருக்காவது வந்திருக்கா, எந்த வயசுல வந்துச்சு?' என்ற ஐந்தாவது கேள்வி பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதைக் கேட்டால் மட்டுமே பிடிபடும் நோய்கள் இருக்கின்றன. ஒரே மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம், தலைமுறை தலைமுறையாக நடுவயதில் பக்கவாதத்தையும் அதன் பின்னாலேயே மறதி நோயையும் கொண்டுவரும் நோய்கள் அவை. அவற்றில் உலகம் முழுவதும் அதிகம் காணப்படுவது 'கடாசில்'.

பாரிஸில் ஒரு அப்பாவும் மகளும்

கடாசில் கண்டுபிடிக்கப்பட்ட விதமே ஐந்தாவது கேள்வியின் அருமையைச் சொல்லும். 1976இல் பாரிஸில் மரி-ஜெர்மேன் பூசே என்ற நரம்பியல் மருத்துவரிடம் ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் பக்கவாதத்தோடு வந்தார். ரத்த அழுத்தம் இல்லை. வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. சுமார் பத்து வருடம் கழித்து அவருடைய மகள் நோயாளியாக வந்தார். அதற்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்திருந்தது. மகளின் மூளையில் உள்பக்கத்து வெண்பகுதி நெடுகப் பாதிப்பு தெரிந்தது. அப்பாவையும் மகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இது பரம்பரையாக இருக்குமோ என்ற சந்தேகம் வலுத்தது. மருத்துவர்கள் அந்தக் குடும்பத்தின் மற்ற உறவினர்களையும் தேடிப் பரிசோதித்தார்கள். வெளியில் எந்தக் குறையும் தெரியாத சிலருடைய ஸ்கேனிலும் அதே மாற்றம் இருந்தது.

1993இல் எலிசபெத் தூர்னியே-லசேர்வின் குழு, கோளாறு 19ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. 'கடாசில்' என்ற பெயரும் அந்த ஆண்டுதான் வந்தது. 1996இல் ஆன் ஜுத்தேலும் சகாக்களும் மரபணுவையே அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் நாட்ச்-3. இந்த வேலைக்காக பூசே, தூர்னியே-லசேர்வ், ஜுத்தேல், யூக் ஷாப்ரியா ஆகிய நால்வருக்கும் 2019இல் 'பிரெயின் பிரைஸ்' கிடைத்தது. பெரிய இயந்திரங்களும் ஆய்வுக்கூடங்களும் பின்னால் வந்தவை. ஆரம்பம் என்னவோ, ஒரு நோயாளியின் அப்பாவுக்கும் இதே நோய் இருந்தது என்று ஒரு மருத்துவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

வாய்க்கால் தூர்ந்தால்

மூளையின் ஆழத்தில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் தசைச் செல்கள் உண்டு. குழாயைச் சுருக்கி விரித்து ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பவை அவை. அந்தச் செல்களுக்குத் தேவையான ஒரு புரதத்தைத்தான் நாட்ச்-3 மரபணு உருவாக்குகிறது. (பெயர்க் காரணம் வேடிக்கையானது. நூறு வருடத்துக்கு முன்பு பழ ஈக்களை வைத்து ஆராய்ந்தவர்கள், சில ஈக்களின் இறக்கை ஓரத்தில் கத்தரித்தது போல ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்தார்கள். அந்த வெட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் மரபணுக் குடும்பத்துக்கே பெயராகிவிட்டது.)

இந்தப் புரதத்தின் வெளிப்பகுதி 34 கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இருக்கும். ஆறும் இரண்டிரண்டாகக் கைகோத்துக் கண்ணியின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. கடாசில் உள்ளவர்களுக்கு ஏதோ ஒரு கண்ணியில் ஒரு சிஸ்டீன் கூடிவிடுகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. ஆறு ஏழானாலும் ஐந்தானாலும் ஒன்று ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும். அதனால் புரதம் சரியாக மடியாமல் ரத்தக் குழாயின் சுவரில் படிந்துகொண்டே போகிறது. வருடங்கள் போகப் போகத் தசைச் செல்கள் அழிகின்றன, சுவர் தடிக்கிறது. பாகூர் ஏரியில் தண்ணீர் இருந்தாலும் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை வயல் காயும் இல்லையா, அதேபோல இதயமும் பெரிய குழாய்களும் நன்றாக இருக்கும்போதே மூளையின் ஆழத்துக்கு ரத்தம் போய்ச் சேராமல் ஆகிறது.

பிறக்கும்போதே இருக்கும் மாற்றம் என்றாலும் நோய் தலைகாட்டப் பல வருடம் ஆகும். சுமார் மூன்றில் ஒருவருக்கு முதலில் வருவது ஒற்றைத் தலைவலி. தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது போன்ற அறிகுறிகளும் சேர்ந்து வரும். பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டி இது ஆரம்பிக்கும். சிறு சிறு பக்கவாதங்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வரும். கை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், பேச்சுக் குழறும், சில நாளில் சரியாகிவிடும். மறுபடி வரும். அதற்குப் பிறகு நடை தள்ளாடும், அறிவாற்றல் குறையும்.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வராது. ஒரே வீட்டில் அண்ணன் 42 வயதில் படுக்கையில் விழ, தம்பி 65 வயதிலும் கடை நடத்திக்கொண்டிருக்கலாம். மாற்றம் எந்தக் கண்ணியில் இருக்கிறது என்பதும் கணக்குதான். முதல் ஆறு கண்ணிகளில் இருந்தால் நோய் பொதுவாகச் சீக்கிரமும் கடுமையாகவும் வரும். பின்னால் உள்ள கண்ணிகளில் இருந்தால் தாமதமாகவும் லேசாகவும் வரும்.

'சோம்பேறி' என்று பேர் வாங்கும் நோயாளி

பக்கவாதம் வந்தால் ஊருக்கே தெரியும். அதைவிடக் கொடுமை, அதற்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது.

மறதி நோய் என்றதும் பெயர் மறப்பது, வீட்டுக்கு வழி தெரியாமல் போவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அல்சைமர் நோயின் வழக்கமான படம். சிறு ரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் மறதி நோய் வேறு மாதிரி ஆரம்பிக்கும். ஆளுக்குப் பெயரும் முகமும் ஞாபகம் இருக்கும், பழைய கதையெல்லாம் சொல்வார். ஆனால் எதையும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. ஒரு வேலையை எடுத்தால் முடிக்க முடியாது. யோசித்துப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். முக்கியமாக, மனசுக்குள் உந்துதலே வற்றிவிடும். காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறிச்சென்று பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையும் சிரிப்பும் பொங்கும். மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? 'வேலைக்குப் போக வலிக்குது.' 'நடிக்கிறாரு.' குடிப் பழக்கம் இருந்தால் பேச்சே வேண்டாம், எல்லாப் பழியும் பாட்டில் மேல் போய்விடும். குடிக்காதவர் என்றால் செய்வினை, குலதெய்வக் குத்தம், வந்த மருமகளின் ராசி என்று போகும். ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தப் பழியின் அபத்தம் புரியும். நோய் தன் பெற்றோரிடமிருந்து கணவருக்கு வந்தது. மனைவி வேறு வீட்டிலிருந்து வந்தவர். அவருடைய ரத்தத்தில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் பழி கேட்பதும் அவர்தான், இருபது வருடம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மலஜலம் எடுத்துப் போடுவதும் அவர்தான். பெயர் தெரிந்த நோயாக இருந்தால் அந்தப் பழியாவது நிற்கும். மருந்தில்லாத நோய்க்குக் கண்டுபிடிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதிலும் உண்டு. கடாசிலை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை என்பது உண்மை. ஆனால் நோய் தெரிந்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. புகைபிடிக்கும் கடாசில் நோயாளிகளுக்குப் பக்கவாதம் முன்னதாகவே வருகிறது. ரத்த அழுத்தம் சேர்ந்தால் பாதிப்பு கூடுகிறது. மற்றவர்களுக்கு 'பீடியை விடுங்க' என்பது பொதுவான அறிவுரை, இவர்களுக்கு அது வேலை செய்யும் வருடங்களைக் காப்பாற்றும் சிகிச்சை. தவிர்க்க வேண்டியதும் உண்டு. தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ, கடாசில் உள்ளவர்களுக்குச் சிக்கலை உண்டாக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. நோய் இன்னதென்று தெரியாத மருத்துவர், நல்லெண்ணத்தோடு அதற்கே எழுதிக்கொடுக்க வாய்ப்பு இருக்கிறது.

சொந்தத்தில் கட்டியதாலா?

பரம்பரை நோய் என்றதும் இந்தப் பகுதியில் அடுத்து வரும் வார்த்தை, 'மாமன் மகளைக் கட்டினதுதான் காரணம்'. சொந்தத்தில் திருமணம் தமிழ்ச் சமூகத்தில் இன்றும் சாதாரணம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. இந்திய சராசரி 11 சதவீதம்தான். சொந்தத் திருமணத்தால் சில நோய்களின் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் சரியே. ஆனால் கடாசில் விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். கடாசிலுக்கு ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். அதனால் நோயுள்ளவர் உறவில் கட்டினாலும், அந்நியத்தில் கட்டினாலும், சாதி மாறிக் கட்டினாலும் பிள்ளைகளுக்கு நோய் போகும் வாய்ப்பு ஒன்றுதான். காசைச் சுண்டிப் போடுவது போல, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. 'எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குத்தான் வரும்' என்று சொல்கிற குடும்பங்களில், கட்டிக்கொடுத்த பெண்கள் வேறு ஊரில் வேறு பெயரில் அதே நோயோடு இருந்து, கணக்கில் வராமல் போயிருக்கலாம். காசு நான்கு முறையும் நல்ல பக்கமே விழுந்த குடும்பமும் உண்டு, நான்கும் எதிராக விழுந்த குடும்பமும் உண்டு. பாதி என்றால் நான்கு பிள்ளையில் சரியாக இரண்டு என்று அர்த்தமில்லை.

சொந்தத் திருமணம் சம்பந்தப்பட்டது இன்னொரு நோய். பெயரும் ஓர் எழுத்து மாறி 'கராசில்'. ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட இதற்கு ஹெச்.டி.ஆர்.ஏ-1 என்ற மரபணு காரணம் என்பது 2009இல் தெரிந்தது. இளம் வயதிலேயே வழுக்கை, கடுமையான முதுகு வலி, முப்பதுகளில் பக்கவாதம் என்று வரும். இதற்கு இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். அதாவது அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கு ஒரு கெட்ட பிரதியைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொள்ளும்போது அந்த வாய்ப்பு கூடும். (ஹெச்.டி.ஆர்.ஏ-1 மாற்றங்களில் சிலவற்றுக்கு ஒரு பிரதி கெட்டாலே வயதான பிறகு லேசான நோய் வரும் என்று பிற்பாடு தெரியவந்தது.) கராசில் மிக அரிது. கடாசில் அளவுக்குக்கூட வராது.

நூற்றுக்கு ஒருவர்

கடாசிலையும் அரிய நோய் என்றுதான் புத்தகங்கள் சொல்லி வந்தன. அந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மாறும் இடம் தெற்காசியா.

2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று பாகிஸ்தானில் சுமார் 75,000 பேரின் மரபணுக்களைப் படித்தது. பக்கவாதம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது நாட்ச்-3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றம் தனியாக எழுந்து நின்றது. புரதத்தின் 1,231ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டியதற்குப் பதில் சிஸ்டீன் வந்துவிடுகிறது. மேலே சொன்ன அதே 'ஒரு சிஸ்டீன் அதிகம்' கதை. இந்த மாற்றம் மேற்கு ஐரோப்பியர்களிடம் மிக அரிது. தெற்காசியர்களிடம் நூறு பேருக்கு ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவில் இருக்கிறது. இதைச் சுமப்பவர்களிடம் மூளையின் ஆழத்தில் ரத்தக் கசிவால் வரும் பக்கவாதம் சுமார் மூன்று மடங்கும், எல்லா வகைப் பக்கவாதமும் சேர்த்து சுமார் இரண்டு மடங்கும் அதிகமாகக் காணப்பட்டது. தெற்காசியர்களின் எல்லாப் பக்கவாதங்களிலும் ஏறக்குறைய 1.1 சதவீதத்துக்கு இந்த ஒரே மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்த எண்ணைப் படித்துவிட்டு இரண்டு விதமாகத் தப்புப் பண்ணலாம். ஒன்று, பயந்துபோய் எல்லோரும் ரத்தம் கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுக்க ஓடுவது. இந்த மாற்றத்தைச் சுமக்கும் பலர் எதுவும் ஆகாமல் முதுமைவரை வாழ்கிறார்கள். 1,231ஆவது இடம் சங்கிலியின் பின்பகுதியில் இருக்கிறது, மென்மையான வகை. பாகிஸ்தானில் கிடைத்த எண்ணிக்கையை அப்படியே அரியாங்குப்பத்துக்கோ பாகூருக்கோ பொருத்துவதும் சரியில்லை. ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே மணமுடித்து வந்த இந்தத் துணைக்கண்டத்தில், ஒரு மாற்றம் ஒரு சமூகத்தில் அடர்ந்தும் பக்கத்துத் தெருவில் இல்லாமலும் இருக்கக்கூடும்.

இன்னொரு தப்பு, ஒரு சதவீதம்தானே என்று ஒதுக்குவது. பக்கவாதம் மிகப் பரவலாக இருக்கும் நாட்டில் நூற்றில் ஒன்று என்பது சின்ன எண் இல்லை. அதிலும் பிரஷர், சுகர் உள்ளவரிடமும் இந்த மாற்றம் இருக்கலாம். அப்போது பிரஷர் ஒன்றையே காரணமாக எழுதிவிட்டு, அவருடைய தம்பியையும் மகளையும் யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

ஓர் ஊருக்கே ஒரு நோய் சொந்தமாவது கற்பனை இல்லை. நெதர்லாந்தில் வடகடல் ஓரத்தில் கட்வைக் என்ற ஊர் இருக்கிறது, பழைய மீனவ ஊர். அங்கே சில குடும்பங்களில் ஐம்பது வயதை ஒட்டி மூளையில் ரத்தக் கசிவும், பிறகு மறதி நோயும் தலைமுறைகளாக வந்தன. நாட்டில் அதற்குப் பெயரே 'கட்வைக் நோய்'. 1990இல் காரணம் தெரிந்தது. ஏ.பி.பி. என்ற வேறொரு மரபணுவில் ஒரு மாற்றம். ரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. பக்கத்தில் இருக்கும் லைடன் பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்தக் குடும்பங்களோடு பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கும் இது கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அங்கே ஏதோ நோய் இருக்கிறது என்பதற்காக இல்லை, உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எந்த ஊரிலும் ஒரு மூதாதையரின் மாற்றம் பெருகலாம் என்பதற்காக.

டெஸ்ட் யாருக்கு?

சந்தேகம் வந்தவர்களுக்கு வழி இருக்கிறது. முதலில் எம்.ஆர்.ஐ. வெண்பகுதியில் பரவிய பாதிப்பு, குறிப்பாக நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில் தெரிந்தால் கடாசில் சந்தேகம் வலுக்கும். அது இல்லாவிட்டால் கடாசில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உறுதிப்படுத்துவது மரபணுப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் 'நாட்ச்-3 மாற்றம்' என்று இருந்தாலே நோய் என்றும் ஆகிவிடாது. சிஸ்டீன் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இணையத்தில் தேடிப் பார்த்து இடிந்துபோவதைவிட, பரிசோதனை செய்யாமல் இருப்பது மேல்.

நோய் வந்துவிட்டவருக்குப் பரிசோதனை செய்வது வேறு, நன்றாக இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்குச் செய்வது வேறு. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் 'உனக்கும் இருக்கு' என்று சொன்னால் அவள் அந்தச் செய்தியோடு இருபது, முப்பது வருடம் வாழ வேண்டும். கல்யாணப் பேச்சில் அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான், வயது வந்தவர் தானாக முன்வந்தால் மட்டும், ஆலோசனை கொடுத்த பிறகு மட்டும் செய்ய வேண்டும், அறிகுறி இல்லாத குழந்தைகளுக்குச் செய்யக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நெறி. அப்பாவோ, மாமனாரோ, சம்பந்தி வீடோ முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது. 'தெரிஞ்சுக்க வேணாம்' என்பதும் மதிக்க வேண்டிய பதில்தான்.

இன்சூரன்ஸ் பயமும் நியாயமானதே. மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் மரபணுத் தகவலை வைத்து வேலையிலோ காப்பீட்டிலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்கா 2008லேயே அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

புதுச்சேரிக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதியும் இதில் உண்டு. இங்குள்ள பல குடும்பங்களில் ஒரு கிளை பிரான்ஸில் இருக்கிறது. அங்கே ஒருவருக்குக் கடுமையான மரபணு நோய் உறுதியானால், அதற்குத் தடுப்போ சிகிச்சையோ மரபணு ஆலோசனையோ கொடுக்க வழி இருக்கும்பட்சத்தில், ரத்த உறவினர்களுக்குத் தகவல் சொல்வது நோயாளியின் சட்டப்படியான கடமை. தானே சொல்லத் தயங்கினால், அவர் பெயரை வெளியிடாமல் மருத்துவரே உறவினருக்குக் கடிதம் எழுத அனுமதிக்கலாம். உறவினர் என்றால் பிரான்ஸில் இருப்பவர் மட்டும் இல்லையே. பாரிஸில் இருக்கும் அண்ணனுக்கு வந்தது என்ன நோய் என்று 'ஏதோ நரம்புப் பிரச்சினையாம்' என்ற அளவிலேயே விட்டுவிடும் தம்பிகள், அந்த நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே செய்த ஒரு பரிசோதனை, இங்கே செய்ய வேண்டிய பத்துப் பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

படிவத்தில் ஒரு வரி

இதற்கெல்லாம் புதுத் திட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பும் தொற்றா நோய்ப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்த வரியில் பக்கவாதம் இல்லை, மறதி நோயும் இல்லை. அந்த இரண்டையும், 'எந்த வயதில்' என்ற கட்டத்தையும் சேர்த்தால் போதும். திண்ணையில் பேசப்படுவது அப்போதுதான் தாளுக்கு வரும்.

அறுபது வயதுக்கு முன் பக்கவாதமோ மறதியோ வந்தவர்கள் ஒரே ரத்த வழியில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால், அந்தக் குடும்பத்தை ஆரம்ப சுகாதார நிலையம் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பலாம். வேலை அங்கிருந்து தொடரும். ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் போதாது என்பது உண்மைதான். ஆனால் குடும்பங்கள் யாரென்றே தெரியாதவரை, எத்தனை ஆலோசகர் தேவை என்ற கணக்கையும் யாராலும் போட முடியாது. உடனே எல்லோரையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கும், மருந்து வரட்டும் பார்க்கலாம் என்பவர்களுக்கும் நடுவில் செய்யக்கூடிய, செலவில்லாத காரியம் இது ஒன்றுதான்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோரிமேட்டுக்கு பஸ் ஏறும் முன் வீட்டில் யாராவது ஒரு நோட்டுத் தாளை எடுத்து மூன்று தலைமுறையை எழுதலாம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், கட்டிக்கொடுத்த அத்தைகள், சித்திகள் உட்பட. யாருக்குக் கை கால் விழுந்தது, யார் 'ஒரு மாதிரி' ஆனார், யாருக்கு ஓயாத ஒற்றைத் தலைவலி, எந்த வயதில். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் 'பெரியவ கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்' என்றே எழுதலாம். பங்காளி வகையறாவை நான்கு தலைமுறைக்கு மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் கிழவிகள் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிய அந்தத் தாளை, பழைய ஸ்கேன் ஃபிலிம்களோடு சேர்த்து டாக்டர் மேஜை மேல் வைக்கலாம்.